சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்து வால்வு: நோய்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டிலோ சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டிலோ ‘ஐ.சி. வால்வு தடித்துள்ளது’, ‘ஐ.சி. ஜங்ஷனில் புண்’ என்று ஒரு வரி வந்துவிட்டால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும் வரை பலருக்கு உறக்கம் வருவதில்லை. அந்த ஒரு வரி பல நோய்களைக் குறிக்கலாம். நோயே இல்லாத நிலையையும் குறிக்கலாம். நோயாளிகளும் உடனிருப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

இந்த வால்வு எங்கே இருக்கிறது? அதன் வேலை என்ன?

சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியம், வலது அடிவயிற்றில், பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கத்தின் பக்கவாட்டில் வந்து நுழைகிறது. நுழையும் இடத்தில் குடல் சுவர் உள்நோக்கி மடிந்து, மேலும் கீழுமாக இரண்டு உதடுகளாக நிற்கிறது. இதைத்தான் இலியோசீக்கல் வால்வு என்றும், சுருக்கமாக ஐ.சி. வால்வு என்றும் சொல்கிறார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை கூழ் போன்ற உணவுக் கலவை இதன் வழியே பெருங்குடலுக்குள் இறங்குகிறது. அது மொத்தமாகக் கொட்டிவிடாமல் தவணை தவணையாக இறங்கச் செய்வதும், பெருங்குடலில் உள்ள கழிவும் அங்கே பெருமளவில் வாழும் பாக்டீரியாக்களும் சிறுகுடலுக்குள் திரும்பி ஏறாமல் தடுப்பதும் வால்வின் வேலைகள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் இரைப்பையிலிருந்து வரும் நரம்புத் தூண்டலால் வால்வு தளர்ந்து வழிவிடுகிறது. சீக்கம் நிரம்பி விரியும்போது இறுகிக்கொள்கிறது.

பழைய நூல்களில் இது ‘பௌஹின் வால்வு’ என்றும் ‘டல்ப் வால்வு’ என்றும் குறிக்கப்பட்டிருக்கும். பாஸல் நகர உடற்கூறியலாளர் காஸ்பார் பௌஹின், 16ஆம் நூற்றாண்டில் தாமே இதை முதலில் கண்டதாக உரிமை கொண்டாடினார். அடுத்த நூற்றாண்டில் இதை விவரித்து எழுதிய ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் நிக்கோலாஸ் டல்ப், ரெம்பிராண்ட் 1632இல் வரைந்த உடற்கூறியல் வகுப்பு ஓவியத்தில் பாடம் நடத்துபவராக நிற்கும் அதே மனிதர்தான்.

உடம்பில் இத்தனை இடம் இருக்க, நோய்கள் ஏன் இந்த மூலையைத் தேர்ந்துகொள்கின்றன?

வால்வு வழிவிடும் வரை உணவுக் கலவை இலியத்தின் கடைசிப் பகுதியில் தேங்கி நிற்கிறது. ஆகவே அதில் கலந்து வரும் கிருமிகள் குடல் சுவரோடு நெடுநேரம் ஒட்டியிருக்க வாய்ப்புக் கிடைக்கிறது. அந்தச் சுவரிலோ நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்ட நிணத்திசு மிகுதி. கிருமியைப் பிடித்து ஆராய்வதற்காக அமைந்த அந்தத் திசுவே காசநோய்க் கிருமிக்கும் டைஃபாய்டு கிருமிக்கும் நுழைவாயிலாகிவிடுகிறது. சிறுகுடலின் மிகக் குறுகிய பகுதியும் இதுவே என்பதால், பித்தப்பையிலிருந்து குடலுக்குள் நழுவிய பெரிய கல்லோ சரியாக மெல்லாத நார்த்திரளோ வந்து சிக்கிக்கொள்வதும் பெரும்பாலும் வால்வுக்குச் சற்று முன்னால்தான்.

வால்வு தடித்திருக்கிறது என்றால் புற்றுநோய் என்று பொருளா?

பெரும்பாலும் இல்லை. சிலருக்கு, குறிப்பாக நடுவயதைக் கடந்தவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும், வால்வின் உதடுகளுக்குள் கொழுப்பு படிந்து அவை உப்பியிருக்கும். இது நோயன்று, மருந்தும் வேண்டாம், அறுவையும் வேண்டாம். சி.டி. ஸ்கேனில் அந்தத் தடிப்பு கொழுப்புக்குரிய கறுப்பு நிறத்திலேயே தெரியும். கொலோனோஸ்கோபியில் மஞ்சள் சாயலோடு, வழவழப்பான சவ்வு மூடிய நிலையில், மூடிய ஃபோர்செப்ஸால் (சிறு இடுக்கியால்) தொட்டால் அமுங்கி மீண்டும் எழும். இரண்டு உதடுகளும் ஒரே அளவில் உப்பியிருந்து, மேற்சவ்வில் புண்ணோ சொரசொரப்போ இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. ஸ்கேன் எடுக்கும் வேளையில் வால்வு சுருங்கியிருந்தாலும் தடித்ததுபோல் தோன்றும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தாலோ, அருகே நெறிக்கட்டிகள் தெரிந்தாலோ, எடைக் குறைவோ இரத்தசோகையோ இருந்தாலோ ஸ்கேனோடு நிறுத்திவிடக் கூடாது. கொலோனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும்.

எக்ஸ்ரேயில் நுரையீரல் நன்றாக இருக்கிறது, இருமலும் இல்லை. குடலில் மட்டும் டி.பி. வருமா?

வரும். குடல் காசநோய் மிக அதிகமாகத் தாக்கும் இடமே இந்த ஐ.சி. பகுதிதான்; நம் மருத்துவர்கள் இதை ‘ஐ.சி. கோக்ஸ்’ என்று குறிப்பதும் உண்டு. நுரையீரலில் நோய் உள்ளவர் சளியை விழுங்குவதால் கிருமி குடலுக்குப் போகலாம். என்றோ வந்து அடங்கிப்போன நுரையீரல் தொற்றிலிருந்து இரத்தம் வழியாகவும் போகலாம். நோயுற்ற மாட்டின் காய்ச்சாத பாலைக் குடிப்பதும் ஒரு வழியே. எக்ஸ்ரே தெளிவாக இருப்பதை மட்டும் வைத்துக் குடல் டி.பி.யை விலக்க முடியாது.

அறிகுறிகள் மெல்ல மெல்லத் தலைகாட்டும். சாப்பிட்ட பிறகு வலது அடிவயிற்றில் முறுக்கிப் பிடிக்கும் வலி, மாலை நேரக் காய்ச்சல், பசியின்மை, மாதக்கணக்கில் இறங்கும் எடை, சில நாள் பேதியும் சில நாள் மலச்சிக்கலும் ஆகியவை வழக்கமானவை. வால்வை ஒட்டிய குடல் சுருங்கிவிட்டால், வயிற்றுக்குள் ஏதோ ஒன்று பந்தாகத் திரண்டு நகர்வதையும், பிறகு ‘கடமுட’ என்ற ஓசையோடு அது கரைந்து வலி விடுவதையும் நோயாளியே விவரிப்பார். இந்த விவரிப்பு பகுதி அடைப்பின் தெளிவான அடையாளம். இதைக் ‘கேஸ்’ என்று ஒதுக்கி ஆண்டுக்கணக்கில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை விழுங்குபவர்கள் பலர் என்பது வருத்தத்துக்குரியது.

டி.பி.யா, கிரோன் நோயா என்று மருத்துவர்கள் குழம்புவது ஏன்?

இரண்டும் ஒரே இடத்தைத் தாக்கி, ஒரே மாதிரியான புண்ணையும் சுருக்கத்தையும் உண்டாக்குவதால்தான். கிரோன் என்பது கிருமியால் வரும் தொற்றன்று. உடலின் எதிர்ப்பாற்றல் குடலையே தாக்கும் நாள்பட்ட அழற்சி. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 1932இல் இதை விவரித்தபோது, இலியத்தின் கடைசிப் பகுதியில் காசநோயைப் போலத் தோன்றியும் காசநோய் அல்லாத ஒரு தனி நோயாகவே இதை முன்வைத்தார்கள். கிரோன் நோய் இந்தியாவில் அரிது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இப்போது இரண்டுமே இங்கு கணிசமாகக் காணப்படுவதால், ஐ.சி. பகுதியில் புண் என்றவுடன் எழும் முதல் கேள்வியே இதுவாகிவிட்டது.

கொலோனோஸ்கோபியில் வால்வைப் பார்க்கும் விதத்திலேயே சில துப்புகள் கிடைக்கும். காசநோயில் புண்கள் குடலின் குறுக்கே வளையமாக ஓடும். வால்வின் உதடுகள் அரிக்கப்பட்டு வாய் பிளந்தபடி நிற்கும். சீக்கம் சுருங்கி மேலே இழுக்கப்பட்டிருக்கும். கிரோனில் புண்கள் குடலின் நீளவாக்கில் ஓடும். நோயுற்ற பகுதிகளுக்கு இடையே நல்ல குடல் விட்டுவிட்டுத் தெரியும். சிறு கொப்புளப் புண்கள் தொலைவிலும் சிதறியிருக்கும். ஆசனவாயைச் சுற்றிப் புரைப்புண்களோ பௌத்திரமோ இருந்தால் தராசு கிரோன் பக்கம் சாயும். வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ, சி.டி. ஸ்கேனில் நடுப்பகுதி அழுகிய நெறிக்கட்டிகள் தெரிந்தாலோ டி.பி. பக்கம் சாயும். ஆனாலும் இவற்றில் எதுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது.

தவறான பக்கம் போவதன் விலை இரண்டிலும் ஒன்றல்ல. கிரோன் என்று எண்ணி, எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசியோ கொடுத்துவிட்டு, உண்மையில் அது டி.பி.யாக இருந்தால், அடங்கியிருக்கும் கிருமி உடல் முழுவதும் பரவும். குடல் துளைபட்டும் போகலாம். டி.பி. என்று எண்ணி மருந்து கொடுத்து அது கிரோனாக இருந்தால், மாதங்கள் வீணாகின்றன. கல்லீரல் தேவையின்றி மருந்தின் சுமையைத் தாங்குகிறது. அதற்குள் குடல் சுருங்கியும் விடலாம். இரண்டாவது தவறும் சிறியதன்று. ஆனால் முதலாவது உயிரையே பறிக்கக்கூடியது. அதனால்தான் டி.பி. அடர்ந்த நம் நாட்டில், டி.பி. இல்லை என்று ஓரளவேனும் உறுதி செய்யாமல் ஸ்டீராய்டு தொடங்க அனுபவமுள்ள மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நோயாளி திறமையின்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பயாப்ஸி (சோதனைக்கான திசுத் துணுக்கு) எடுத்தார்களே, அதில் தெரிந்திருக்க வேண்டாமா?

தெரிந்தால் நல்லது, பல நேரங்களில் தெரிவதில்லை. குடல் திசுவில் காசநோய்க் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், நுண்ணோக்கியில் அவை கண்ணில் படுவது அரிது. கிருமியின் மரபணுவைத் தேடி, சளியில் நன்றாகக் கண்டுபிடிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையும் குடல் திசுவில் பலரைத் தவறவிடும். பாசிட்டிவ் என்று வந்தால் நம்பலாம். நெகட்டிவ் என்று வந்தால் டி.பி. இல்லை என்று பொருளன்று. திசுவில் ‘கிரானுலோமா’ எனப்படும் சிறு அழற்சி முடிச்சுகள் இரண்டு நோய்களிலும் தோன்றும். அவை பெரிதாகவும் பலவாகவும் ஒன்றோடொன்று இணைந்தும், நடுவில் பாலாடைக்கட்டி போல் அழுகியும் இருந்தால் டி.பி.; சிறிதாகவும் தனித்தனியாகவும் அரிதாகவும் இருந்தால் பெரும்பாலும் கிரோன்.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தி உண்டு. புண்ணின் விளிம்பிலிருந்தும் அடியிலிருந்தும் பல துணுக்குகள் எடுக்கப்பட வேண்டும். அவை எல்லாவற்றையும், திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் புட்டியில் போட்டுவிட்டால் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு வழியே இல்லை, ஏனென்றால் ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். சில துணுக்குகள் தனியாக, ஃபார்மலின் கலக்காத சலைன் புட்டியில் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். வளர்ப்பு முடிவு வர ஆறு முதல் எட்டு வாரம் வரைகூட ஆகலாம்; ஆனால் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதையும் அதுவே சொல்லும். ‘கல்ச்சருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் தனியாக அனுப்புகிறீர்களா?’ என்று கொலோனோஸ்கோபிக்கு முன்பே கேட்பதில் தவறில்லை. மாண்டூ தோல் ஊசியும் இரத்தத்தில் பார்க்கும் டி.பி. சோதனைகளும், கிருமி என்றோ உடலுக்குள் வந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். இந்தியாவில் பெரியவர்களில் பலருக்கு அது பாசிட்டிவாகவே இருக்கும்.

எதுவும் உறுதியாகாமலே டி.பி. மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள். இது சரியா?

எல்லாச் சோதனைகளுக்குப் பிறகும் இரண்டில் எது என்று பிரிக்க முடியாதபோது, இது ஏற்கப்பட்ட முறையே. ஆனால் தொடங்குவதோடு வேலை முடிந்துவிடாது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மீண்டும் கொலோனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ‘உடம்பு தேவலை’ என்ற உணர்வை மட்டும் நம்ப முடியாது. கிரோன் நோயாளிகளிலும் சிலருக்கு டி.பி. மருந்தால் தற்காலிகமாக வலி குறைந்து எடை கூடுவது உண்டு. புண் ஆறியிருந்தால் டி.பி. என்று கொண்டு மருந்தை முழுமையாக முடிக்கலாம். ஆறவில்லை என்றால் மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன: கிரோன், மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி., அல்லது இதுவரை எண்ணிப்பார்க்காத மூன்றாவது நோய். அந்த இரண்டாவது கொலோனோஸ்கோபியைச் செலவுக்கும் பேதி மருந்துக்கும் அஞ்சித் தவிர்ப்பவர்கள், முதல் கொலோனோஸ்கோபியின் பயனையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

டி.பி. மருந்து எத்தனை மாதம்? செலவு எவ்வளவு?

வழக்கமான குடல் டி.பி.க்கு ஆறு மாதம் போதும் என்பதே இந்திய வழிகாட்டு நெறிகளின் பரிந்துரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் மூன்று மருந்துகள். தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் மருந்துகள் இலவசம். காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவு செய்தவர்களுக்குச் சத்துணவுக்கான உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவரும் இதில் பதிவு செய்யப்பட வேண்டும்.

இந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு. ஆனால் கண் மஞ்சளானாலோ, தொடர்ந்து வாந்தி வந்தாலோ, மற்றொரு மருந்தான எத்தாம்பூட்டாலால் பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கருத்தடை மாத்திரையின் பலனை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். இதைப் பெண்களிடம் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மருந்தை முடித்த பிறகும் வலி வருகிறதே?

புண் ஆறும்போது தழும்பு விழுகிறது. வளையமாக ஓடிய புண்ணின் தழும்பு சுருங்கினால் வால்வின் வழி குறுகிவிடுகிறது. அந்த நிலையில் நோய் குணமாகியும் அடைப்பு எஞ்சியிருக்கும். அதற்கு மேலும் டி.பி. மாத்திரை விழுங்குவதில் பொருளில்லை. குட்டையான சுருக்கத்தைக் கொலோனோஸ்கோப் வழியாகவே பலூன் வைத்து விரிக்கலாம்; நீண்டதானால் அந்தப் பகுதியை மட்டும் அளவாக வெட்டி இணைப்பார்கள். சுருக்கம் இருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்போது கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி (மாத்திரை வடிவக் கேமராவை விழுங்கும் சோதனை) செய்யக் கூடாது, ஏனெனில் விழுங்கிய கேப்ஸ்யூல் அங்கேயே சிக்கிக்கொண்டு முழு அடைப்பாகிவிடலாம்.

டி.பி., கிரோன் இரண்டும் தவிர வேறு என்ன நோய்கள் இங்கு புண் உண்டாக்கும்?

டைஃபாய்டு, அமீபா, எர்சினியா போன்ற தொற்றுகளும், வாயிலும் பிறப்புறுப்பிலும் திரும்பத் திரும்பப் புண் வரும் பெசெட் நோயும் உண்டு. மூட்டுவலிக்கு நாள்தோறும் விழுங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அவை இலியத்தின் கடைசியிலும் வால்விலும் புண்ணையும், நாளடைவில் மெல்லிய திரை போன்ற சுருக்கங்களையும் உண்டாக்கும். மருந்துக் கடையில் தாமாக வாங்கிய மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புண்ணின் காரணம் சில நேரம் அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.

அப்படியானால் புற்றுநோயை எப்போது எண்ண வேண்டும்?

வயதான ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, வெளிப்படையான காரணமின்றி இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தால், இரும்பு மாத்திரையோடு நிறுத்தக் கூடாது. சீக்கத்தில் வளரும் கட்டி, அங்கே கழிவு இன்னும் நீர்மமாகவே இருப்பதால், நெடுநாள் அடைப்பை உண்டாக்காமல் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அதே கட்டி வால்வின் மீதே வளர்ந்தால், சிறிய அளவிலேயே வழியை அடைத்து முன்னதாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நிணத்திசுப் புற்றுநோயான லிம்ஃபோமாவும், ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றி மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளும் இந்த இடத்தில் வருவதுண்டு.

குழந்தைகளுக்கு இந்த இடத்தில் குடல் சொருகிக்கொள்ளும் என்கிறார்களே?

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளிடம் இது அதிகம். வைரஸ் தொற்றுக்குப் பிறகு இலியத்தின் நிணத்திசு வீங்கி, குடலின் அசைவில் அது முன்னோக்கி இழுக்கப்பட, இலியமே வால்வைக் கடந்து பெருங்குடலுக்குள் சொருகிக்கொள்கிறது. குழந்தை காலை மடக்கி வீறிட்டு அழும், சில நிமிடத்தில் அடங்கிச் சோர்ந்து கிடக்கும், மறுபடி அழும். வாந்தி எடுக்கும், தாமதமானால் இரத்தமும் சளியும் கலந்த செந்நிற மலம் போகும். அந்த மலத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அல்ட்ராசவுண்டில் வட்டத்துக்குள் வட்டமாக இது தெளிவாகத் தெரியும். நேரத்தோடு வந்தால் ஆசனவாய் வழியாகக் காற்றையோ சலைனையோ செலுத்தி, பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை இல்லாமலே சரிசெய்துவிடலாம். பெரியவர்களுக்கு இவ்வாறு சொருகினால் உள்ளே கட்டி ஒன்று இழுத்துச் செல்கிறதா என்று தேட வேண்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் அறுவையே தேவைப்படும்.

வால்வு நன்றாக மூடுவது எப்போதும் நல்லதுதானா?

ஒரு நெருக்கடியில் அதுவே ஆபத்தாகிறது. பெருங்குடலின் இடப்பக்கம் கட்டியால் அடைபடும்போது, வால்வு இறுக மூடியிருந்தால், இடையில் சிக்கிய காற்றும் கழிவும் முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் சீக்கத்தை ஊதச் செய்யும். சீக்கத்தின் விட்டம் 12 சென்டிமீட்டரைத் தாண்டினால் வெடிக்கும் அபாயம் மிகும். அறுவையைத் தள்ளிப்போட முடியாது. வால்வு தளர்ந்தவருக்கு அழுத்தம் சிறுகுடலுக்குள் கசிந்துவிடுவதால் வாந்தி மிகுந்தாலும் சற்று அவகாசம் கிடைக்கும்.

வால்வை வெட்டி எடுத்துவிட்டால் எப்படி வாழ்வது?

பெரும்பாலோர் நன்றாகவே வாழ்கிறார்கள். முதல் சில வாரங்கள் மலம் இளகிப் பலமுறை போகும். பிறகு குடல் பழகிக்கொள்ளும். உண்மையில் கவனிக்க வேண்டியது, வால்வோடு சேர்ந்து எவ்வளவு இலியம் போனது என்பதைத்தான், ஏனென்றால் பி12 வைட்டமினும் பித்த உப்பும் அங்கேதான் உறிஞ்சப்படுகின்றன. ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பி12 ஊசி வாழ்நாள் முழுவதும் தேவைப்படலாம். பித்த உப்பு பெருங்குடலில் கொட்டி வரும் பேதிக்குக் கொலஸ்டிரமின் தூள் நன்றாகக் கேட்கும். இலியம் நிறையப் போனவர்களுக்குச் சிறுநீரகக் கல்லும் பித்தப்பைக் கல்லும் வரும் வாய்ப்பு கூடும். அறுவைக்குப் பின் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை சென்டிமீட்டர் நீக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

‘வால்வு திறந்தே கிடப்பதால்தான் எல்லா நோயும், வயிற்றை நீவிச் சரிசெய்கிறோம்’ என்று இணையத்தில் சொல்கிறார்களே?

தலைவலி முதல் முதுகுவலி வரை அனைத்துக்கும் வால்வைக் காரணமாக்கும் இந்த ‘வால்வு நோய்க்குறி’க்கு மருத்துவச் சான்று இல்லை. வெளியிலிருந்து வயிற்றை அழுத்தி வால்வை மூடவோ திறக்கவோ முடியாது. ஐ.சி. பகுதியில் புண்ணோ அடைப்போ உள்ளவரின் வயிற்றை அழுத்தி நீவுவது தீங்கையே விளைவிக்கும்.

எந்த அறிகுறிக்கு இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

வயிறு உப்பி, காற்றும் மலமும் போவது அறவே நின்று, வாந்தி நிற்காமல் இருந்தால். விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறி, வயிறு தொட முடியாதபடி விறைத்து, காய்ச்சலும் சேர்ந்தால். மலத்தில் இரத்தம் கட்டி கட்டியாகப் போனால். கைக்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால். போகும் வழியில் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, பேதி மாத்திரையோ எனிமாவோ எடுக்கக் கூடாது. பழைய ரிப்போர்ட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டு போக வேண்டும்.